ஓவியத்தின் முன்னால் எங்கே நிற்பது?

லண்டன் நேஷனல் கேலரிக்கு முதல் தடவை போனபோது ஏறக்குறைய எல்லா அறைகளையும் மூன்று மணி நேரத்தில் நடந்து முடித்தேன். வெளியே வந்து டிராஃபல்கர் சதுக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, என்ன பார்த்தேன் என்று யோசித்தால் வான்கோவின் சூரியகாந்திப் பூக்களும் பின்னங்காலில் எழும்பி நிற்கும் ஒரு பெரிய குதிரையும்தான் நினைவில் இருந்தன. கைப்பேசியில் நூற்றுக்கும் மேல் படங்கள். பாதிக்கு மேல் எது யாருடையது என்றே தெரியவில்லை, சிலவற்றை நேரில் பார்த்ததுகூட நினைவில்லை.

நான் தயாரிப்பு இல்லாமல் போகவில்லை, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. கோதிக், மறுமலர்ச்சி, பரோக், ரொமான்டிக், இம்ப்ரெஷனிசம் என்று காலங்களை வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் நாலு அடையாளங்கள் எழுதி வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் முதலில் பக்கத்துச் சுவரில் இருக்கும் குறிப்பைப் படிப்பேன், ஆண்டைப் பார்ப்பேன், "சரி, இது பரோக்" என்று மனதுக்குள் முத்திரை குத்துவேன், நகர்ந்துவிடுவேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு நான் ஓவியங்களை வகை பிரித்தேன், பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை அக்கா மகளோடு போனேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' படத்தின் முன்னால் நின்றோம். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், பெரிய படம். இரண்டு பேர், நடுவில் ஒரு மேசை மாதிரியான தட்டு, அதில் பூகோள உருண்டை, வானியல் கருவிகள், லூட் என்ற நரம்பு வாத்தியம். கீழே தரையில் குறுக்காக நீண்ட ஒரு வெளிறிய வடிவம், என்னவென்றே புரியாமல் கிடக்கும். அது கோணத்தை மாற்றி வரையப்பட்ட மண்டை ஓடு என்று எனக்குப் படித்துத் தெரியும், அதனால் முதல் தடவை "ஆமாம், அந்த மண்டை ஓடு" என்று தலையசைத்துவிட்டு நகர்ந்திருந்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது. கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே படத்தின் வலது பக்கமாகப் போய்ச் சுவரை ஒட்டி நின்றவள் சட்டென்று கத்தினாள்: "சித்தி, இங்க வாங்க! இங்க நின்னு பாருங்க, மண்டை ஓடு!"

போய் நின்றேன். படத்துக்கு வலது பக்கம், சுவருக்கு மிக அருகில் நின்று சாய்வாகப் பார்த்தால் அந்த நீண்ட வடிவம் ஒடுங்கி, கண்குழியும் பல்வரிசையுமாக உருண்டு எழுந்து நிற்கிறது. அப்போது அந்த இரண்டு பணக்கார இளைஞர்களும், அவர்களுடைய மென்மயிர் வைத்த அங்கிகளும், கருவிகளும் பக்கவாட்டில் நசுங்கிப் போய்விடுகின்றன. முன்னால் நின்றால் செல்வமும் அறிவும் தெரிகின்றன, ஓரத்தில் நின்றால் மரணம் தெரிகிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து தெளிவாகத் தெரியாது, நடந்துதான் ஆக வேண்டும். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஓர் ஓவியர் நான் எங்கே நிற்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார், நானோ குறிப்பைப் படித்துவிட்டுப் போய்விட்டேன்.

அன்றையிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான்: இதை எங்கே நின்று பார்க்கச் செய்தார்கள்? எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், நின்றா, மண்டியிட்டா, கையில் எடுத்தா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் காலங்களின் வித்தியாசம் தானாகவே புரிய ஆரம்பிக்கிறது, இசங்களின் பெயர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வில்டன் டிப்டிக் என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1395க்கும் 1399க்கும் இடையில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்காகச் செய்யப்பட்டது, வரைந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு ஓக் பலகைகள், கீல் வைத்து இணைத்தவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 53க்கு 37 சென்டிமீட்டர். புத்தகம் மாதிரி மூடலாம், அரசன் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே எடுத்துப் போகலாம். அதாவது இது சுவருக்கான படமே இல்லை. ஒரே ஒருவர், பிரார்த்தனை செய்யும்போது, முகத்துக்கு நேராக விரித்து வைத்துப் பார்ப்பதற்கான பொருள். இதை மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் நீலமும் தங்கமும் அழகாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டி அனுமதிக்கிற அளவுக்குக் கிட்டே போனால், பதினொரு தேவதைகளும் அரசனுடைய வெள்ளைமான் சின்னத்தைக் குத்திக்கொண்டிருப்பது தெரியும், தங்கத்தில் நுண்ணிய புள்ளிகள் குத்தி மடிப்புகளையும் ஒளியையும் செய்திருப்பது தெரியும். சுற்றிப் போய்ப் பின்பக்கத்தையும் பாருங்கள், அங்கே ஒரு வெள்ளைமான் படுத்திருக்கிறது. பலர் பின்பக்கம் இருப்பதே தெரியாமல் போகிறார்கள்.

பழைய இத்தாலிய பலிபீட ஓவியங்கள் இதற்கு நேர் எதிர். அவை தேவாலயத்தில் உயரத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், கீழே மண்டியிட்டிருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அருங்காட்சியகத்தின் சீரான வெளிச்சத்தில் அந்தத் தங்கப் பின்னணி ஒரு மஞ்சள் சுவர் மாதிரி தட்டையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. நான் செய்வது இது: பக்கத்தில் கூட்டம் இல்லாதபோது முழங்காலை மடக்கிக் குனிந்து, மெதுவாக இடமும் வலமும் நகர்வேன். தங்க ரேக்கு அப்போது உயிர் பெறும். ஒளிவட்டங்களில் குத்தியிருக்கும் கோலங்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டு அணையும். தங்கத்தின் அடியில் பூசிய செம்மண் நிறக் களிமண் தேய்ந்த இடங்களில் எட்டிப் பார்க்கும், அந்தச் சிவப்புதான் தங்கத்துக்கு ஒரு வெதுவெதுப்பைத் தருகிறது. குனிந்து பார்ப்பதில் கூச்சப்பட வேண்டாம், அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

இத்தாலிய ஓவியர் டூச்சோவின் சிறு பலகைகளுக்கு முன்னால் அக்கா மகள் கேட்டாள்: "இவங்க முகமெல்லாம் ஏன் பச்சையா இருக்கு, உடம்பு சரியில்லையா?" நல்ல கேள்வி. முட்டை மஞ்சள்கருவில் வண்ணப்பொடியைக் குழைத்து வரைந்த அந்தக் காலத்தில், தோலுக்கு அடியில் முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பை மெல்லிய கோடுகளாக இழைப்பார்கள். நூற்றாண்டுகள் போகப்போக மேலே இருந்த நிறம் தேய்ந்தும் மங்கியும் அடிப் பச்சை வெளியே வந்துவிட்டது. அப்புறம், அந்தப் பலகைகள் தனிப் படங்களே இல்லை. 1311இல் சியன்னா தேவாலயத்தில் வைத்த பிரம்மாண்டமான ஒரு பலிபீட அமைப்பின் துண்டுகள், 1771இல் அதை அறுத்துப் பிரித்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் பழைய படங்களில் பல இப்படி ஒரு வீட்டின் ஜன்னலை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து மாட்டியது போலத்தான். சுவர்க் குறிப்பில் 'ஒரு பகுதி' என்று இருந்தால், மிச்சம் இருந்த இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்துகொண்டு பாருங்கள்.

முட்டை வண்ணம் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் அதில் நிறங்களை ஒன்றோடொன்று குழைக்க முடியாது, கோடு கோடாகத்தான் அடுக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும். இந்தச் சின்ன வேறுபாடு என்ன செய்யும் என்பதைப் பார்க்க யான் வான் ஐக் ஒரு தம்பதியை அவர்கள் அறையில் வரைந்த 'ஆர்னோல்ஃபினி' படத்துக்கு வாருங்கள். 1434ஆம் ஆண்டு, உயரம் 82 சென்டிமீட்டர்தான். எண்ணெய் வண்ணத்தை இவர் கண்டுபிடித்தார் என்று ஒரு பழைய கதை உண்டு, அது உண்மை இல்லை, ஆனால் அதற்கு முன்னால் இவ்வளவு தூரம் அதை யாரும் கொண்டுபோனதில்லை. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவதால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது, பித்தளை விளக்கு பித்தளையாகவே இருக்கிறது. பின்சுவரில் ஒரு குவிந்த கண்ணாடி, அதைச் சுற்றி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பத்துச் சின்ன வட்டங்கள். கண்ணாடிக்குள் அந்தத் தம்பதியின் முதுகும், வாசலில் நிற்கும் இன்னும் இரண்டு பேரும் தெரிகிறார்கள். அந்த இரண்டு பேர் நிற்கும் இடம் நாம் நிற்கும் இடம். அதைப் புரிந்துகொண்ட நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேலே சுவரில் 'யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. இங்கே என்றால் என் காலடியில்.

இந்தப் படத்துக்கு முன்னால் எப்போதும் கூட்டம். என் யோசனை, வரிசையில் இடம் கிடைக்கும்வரை பக்கத்தில் இருக்கும் யாரும் பார்க்காத படத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவும் அருமையாக இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 மணிவரை திறந்திருக்கும், ஏழு மணிக்குப் பிறகு போனால் சில அறைகளில் நீங்களும் படமும் மட்டும் இருப்பீர்கள். கிட்டே போய்ப் பார்க்கும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வேறோர் அருங்காட்சியகத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டப் போய் என் விரல் படத்துக்கு மிக அருகில் நீண்டுவிட்டது, எச்சரிக்கை மணி அடித்து, காவலர் ஓடி வந்து, அறையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து பையை முன்பக்கம் மாட்டுகிறேன், கையைப் பின்னால் வைக்கிறேன்.

கரவாஜியோவுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். 1601இல் வரைந்த 'எம்மாவுஸில் இரவு உணவு', உயிர்த்தெழுந்த இயேசுவைச் சீடர்கள் அடையாளம் காணும் காட்சி, ஆட்கள் ஏறக்குறைய நிஜ அளவு. இங்கே நாம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, படமே நம்மை நோக்கி வருகிறது. ஒரு சீடர் அதிர்ச்சியில் கைகளை விரிக்கிறார், ஒரு கை நம் பக்கம் நீள்கிறது. இன்னொருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார், அவருடைய முழங்கைச் சட்டை கிழிந்து உள்துணி தெரிகிறது. பழக்கூடை மேசை விளிம்பைத் தாண்டி நிற்கிறது, இப்போது விழும், நாம்தான் பிடிக்க வேண்டும் என்று தோன்றும். மேசையின் இந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, அது நமக்கான இடம். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும், அப்போதுதான் அவர் ஒளியை வைத்து நம் கண்ணை எந்த வழியில் இழுத்துப் போகிறார் என்பது தெரியும். கண்ணைச் சுருக்குவது ஓவியம் கற்பவர்கள் எல்லோரும் செய்வது, எந்தக் காலத்துப் படத்துக்கும் உதவும்.

நிறங்களை நம்புவதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். டிஷியனின் 'பாக்கஸும் அரியாட்னியும்' படத்தில் வானம் அப்படி ஒரு நீலம், ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து வந்த கல்லை அரைத்துச் செய்த அல்ட்ராமரின். ஆனால் 1960களின் இறுதியில் மஞ்சளேறிப் போயிருந்த பழைய வார்னிஷை அகற்றிச் சுத்தம் செய்தபோது, நிறம் மிகவும் கூசுகிறது என்று சண்டையே நடந்தது. அதுவரை பார்த்துப் பழகியவர்களுக்கு மஞ்சள் படிந்த படம்தான் உண்மையான படம். அதேபோல ரெனால்ட்ஸ் வரைந்த சிலருடைய முகங்கள் வெளிறி இருப்பதற்கு அவர்கள் காரணமில்லை, அவர் பயன்படுத்திய சிவப்பு அவர் உயிரோடு இருக்கும்போதே மங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு படத்தின் நிறம் மந்தமாகத் தெரிந்தால், அந்தக் காலத்து ரசனையே இப்படித்தான் என்று முடிவு கட்டும் முன் வார்னிஷையும் சந்தேகப்படுங்கள்.

காலங்களைத் தனித்தனி அறைகளாக நினைத்துக்கொண்டிருந்த என் பழக்கத்தை உடைத்தது ரெம்ப்ராண்ட். 1640இல், 34 வயதில், அவர் தன்னையே வரைந்த படம் இங்கே இருக்கிறது. ஒரு கட்டையில் கையை ஊன்றிச் சட்டைக்கையைப் பெரிதாகக் காட்டும் தோரணை. அதே தோரணையில், அதற்கு 130 வருடம் முன்னால் டிஷியன் வரைந்த, நீலநிற மடிப்புக் கையோடு இருக்கும் மனிதரின் படமும் இதே கட்டடத்தில்தான் இருக்கிறது. ரெம்ப்ராண்ட் அதையோ அதன் பிரதியையோ பார்த்திருக்க வேண்டும், நானும் அவருக்குச் சமம் என்று சொல்வது போல வரைந்தார். ஒன்றைப் பார்த்த சூட்டோடு அறைகளைக் கடந்து மற்றதைப் போய்ப் பார்த்தேன். மறுமலர்ச்சி, பரோக் என்று நான் போட்டிருந்த கோட்டைத் தாண்டி ஓர் ஓவியர் இன்னோர் ஓவியரின் தோளைத் தொடுவதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். டர்னர் இதைத் தன் உயிலிலேயே எழுதி வைத்தார்: தன்னுடைய இரண்டு ஓவியங்களை, தனக்கு ஏறக்குறைய 170 வருடம் முன் பிறந்த கிளாட் லொரேனின் இரண்டு ஓவியங்களுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று. 1851இல் அவர் இறந்தார், நான் போனபோதும் அவை பக்கத்தில்தான் இருந்தன. கிளாடின் சூரியனையும் டர்னரின் சூரியனையும் கழுத்தை மட்டும் திருப்பி மாறி மாறிப் பார்க்கலாம்.

ரெம்ப்ராண்டின் 63 வயதுப் படமும் அங்கே உண்டு. 1669, அவர் இறந்த வருடம். கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் கையில் தூரிகையோடு வரைந்து பிறகு மாற்றியிருப்பது தெரிந்திருக்கிறது. 34 வயது முகத்தில் தூரிகைத் தடத்தைத் தேட வேண்டும், 63 வயது முகத்தில் வண்ணம் கட்டி கட்டியாகவே இருக்கிறது. கிட்டே போனால் நெற்றி வெறும் சாந்துப் பூச்சு, நாலு அடி பின்னால் வந்தால் தோல், சுருக்கம், களைப்பு. முன்னும் பின்னும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. எந்த இடத்தில் வண்ணம் முகமாக மாறுகிறது என்று பிடிக்கப் பார்த்தேன், பிடிபடவில்லை. அக்கா மகளை அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன், ஓர் அருங்காட்சியகத்தில் முதல் தடவையாக இருபது நிமிடம் ஒரே படம். மனதில் இருப்பதெல்லாம் அடங்க முதல் ஐந்து நிமிடம் ஆகும், அதைத் தாண்டி உட்காருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அறைகளுக்கு வந்தால் இந்த முன்பின் நடையே விஷயமாகிவிடுகிறது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் வண்ணத்தை அடைக்கும் உலோகக் குழாயைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள், குத்தித்தான் எடுக்க வேண்டும். குழாய் வந்ததும் எண்ணெய் வண்ணத்தோடு வெளியில் போய் வரைவது எளிதானது. மோனே 1869இல் வரைந்த 'லா க்ரெனூயேர் குளியல்' படத்தில் தண்ணீர் என்பது அகலமான சில தூரிகை வீச்சுகள்தான், ஒரு மீட்டரில் பட்டை பட்டையாக இருப்பது நாலு மீட்டரில் அலையாகிறது. இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர் இருக்கும் சேராவின் 'ஆஸ்நியேர் குளியல்' படத்துக்கு அறையின் எதிர்ச்சுவர்வரை போக வேண்டும். 1884இல் பாரிஸ் சலோன் கண்காட்சி அதை நிராகரித்தது. பிறகு அவரே திரும்ப வந்து சில இடங்களில் புள்ளிகள் வைத்தார். வலது ஓரத்துப் பையனின் ஆரஞ்சுத் தொப்பியில் அவற்றைக் கிட்டே போய்த் தேடலாம்.

சூரியகாந்திக்கு மறுபடி வந்தேன். 1888 ஆகஸ்டில், தன் வீட்டுக்கு வரப்போகும் நண்பர் கோகனின் அறையை அலங்கரிக்க வான்கோ வரைந்த வரிசையில் ஒன்று. அச்சில் ஆயிரம் தடவை பார்த்திருப்போம், அதனால் நேரில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. இதற்கு ஹோல்பைன் சொல்லித்தந்த இடம்தான் உதவியது: பக்கவாட்டில் நின்றேன். பூவின் நடுவில் வண்ணம் மேடுபள்ளமாக எழுந்து நிற்பதும், தூரிகையின் மயிர் இழுத்த தடமும் தெரிந்தன. எந்தப் புகைப்படத்திலும் இது வராது. அதனால் இப்போதெல்லாம் நான் ஓவியத்தைப் படம் எடுப்பதில்லை. சுவர்க் குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதுவும் படத்தைப் பார்த்து முடித்த பிறகு. அப்புறம் ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் கிறுக்குவேன். வரையத் தெரிய வேண்டியதில்லை, கை எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நாலு கோடு. அந்த நாலு கோடு போடக் கண் நாற்பது தடவை படத்துக்குப் போய் வந்திருக்கும்.

எத்தனை படம் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு மணி நேரத்துக்கு ஆறு, ஏழு. ஒரு கைப்பிடி காலங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்குப் பயந்து நேஷனல் கேலரியின் ஓவியங்களை வேல்ஸில் மானட் என்ற இடத்துக் கற்பலகைச் சுரங்கத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். வெறும் சுவர்களைப் பார்த்துச் சலித்த மக்கள் கேட்டதால், 1942இல் மாதம் ஒரு படம் மட்டும் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து காட்டினார்கள். அந்த வரிசையில் முதலாவது டிஷியனின் 'நோலி மே தாஞ்சரே', 'என்னைத் தொடாதே' என்று பொருள். மாதம் முழுக்க ஒரே ஒரு படம், அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அந்தப் படத்தின் முன் நான் நிற்கும்போது, அந்த வருடம் அங்கே வந்து நின்றவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

போன தடவை அக்கா மகளும் நானும் ஒரே ஒரு வேலையாகப் போனோம். வில்டன் டிப்டிக்கில் தேவதைகள் பிடித்திருக்கும் கொடிக்கம்பின் உச்சியில் ஒரு உருண்டை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அந்த ஓவியத்தைச் சுத்தம் செய்து ஆராய்ந்தபோது, ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள அந்த உருண்டைக்குள் ஒரு பச்சைத் தீவும், அதன்மேல் வெள்ளைக் கோட்டையும், கடலில் ஒரு கப்பலும் வரைந்திருப்பதைக் கண்டார்கள். இதை நான் படித்ததே இரண்டு தடவை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான். அவள் இப்போது என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள், குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சு கண்ணாடியில் படாமல் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

"கப்பல் தெரியுது சித்தி," என்றாள். "நீங்க இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."